வயிற்றில் பை, பக்கத்தில் ஒரு மூக்கு

என் வயிற்றில் இடப்பக்கம் ஒரு பை ஒட்டியிருக்கிறது. மலம் அதில்தான் வந்து சேர்கிறது. இதை முதலிலேயே எழுதிவிடுவது என்று தீர்மானித்துத்தான் உட்கார்ந்தேன். அடுத்த பத்திக்குத் தள்ளினால் கடைசிப் பத்தி வரைக்கும் தள்ளிக்கொண்டே போவேன். என் சுபாவம் அப்படி.

அறுவை சிகிச்சை முடிந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. சென்ற வாரம் பரிசோதனைக்குப் போனபோது, பை மாற்றக் கற்றுக்கொடுக்கும் நர்ஸ் அம்மா வார்டில் ஒரு ஆளைக் காட்டினார். என் வயதுதான் இருக்கும். போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். "நீங்க கொஞ்சம் பேசிப் பாருங்க சார். எங்ககிட்ட பேச மாட்டேங்கிறாரு" என்றார். நானும் போய் நின்றேன். "எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அதே வார்த்தையை என்னிடம் சொன்னவர்கள் மேல் எனக்கு எவ்வளவு எரிச்சல் வந்தது என்பது திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் நினைவுக்கு வந்தது. நேரில் சொல்லத் தெரியாததை எழுதியாவது கொடுக்கலாமே என்றுதான் இதைத் தொடங்குகிறேன்.

நான் ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் டூல் ரூமில் வேலை பார்க்கிறேன். இரும்பைத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவரும் கிரைண்டிங் மெஷின். சொந்த ஊர் சின்னமனூர் பக்கம். குவார்ட்டர்ஸில் இரண்டாம் மாடியில் வீடு. மனைவி கலா, கல்லூரிக்குப் போகிற மகள் நிவேதா. அவ்வளவுதான் குடும்பம். ஆனால் டூல் ரூமில் இன்னொரு குடும்பம் உண்டு. மதியம் சங்கு ஊதியதும் மெஷின்களுக்கு நடுவில் நியூஸ் பேப்பரை விரித்து எல்லாருடைய டிபன் கேரியரையும் திறந்து நடுவில் வைத்துவிடுவோம். யாரும் தன்னுடைய கேரியரில் முதலில் கை வைக்கக் கூடாது. அது எங்கள் செக்‌ஷனில் எப்போதோ வந்துவிட்ட வழக்கம். தஞ்சாவூர்ச் சாம்பாரும் வேலூர் பிரியாணியும் எங்கள் ஊர்க் கருவாட்டுக் குழம்பும் ஒரே தாளில் சேரும். தோள் தோளோடு இடிக்க உட்கார்ந்து சாப்பிடுவோம். அங்கே பாஸ்கர் என்று ஒருவன் இருக்கிறான், தஞ்சாவூர்க்காரன். செக்‌ஷனில் பட்டப்பெயர் வைப்பது அவன் வேலை. அவன் வாயில் விழுந்தால் ரிட்டயர் ஆனாலும் அந்தப் பெயர் போகாது. இன்னொருவன் தயாளன். குமணன்சாவடியிலேயே பிறந்து வளர்ந்தவன். அடுத்தடுத்த மெஷினில் நின்று நாங்கள் இருவரும் தலை நரைத்தவர்கள்.

முதன்முதலாக ரத்தம் வந்தபோது அது மூலம்தான் என்று நானே முடிவு செய்துகொண்டேன். கரையான்சாவடியில், ஆபரேஷன் இல்லாமல் மூலம், பவுத்திரம் குணமாகும் என்று போர்டு போட்ட ஒரு மாடி அறை இருந்தது. ஆவடியில் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்களே என்று பஸ் ஏறி அங்கே போனேன். படி ஏறும்போது முகத்தைத் துடைப்பதுபோலக் கைக்குட்டையால் மறைத்துக்கொள்வேன். எதிரே இறங்கி வருகிற ஆளும் அதேபோலத் துடைத்துக்கொண்டு வருவார். மாதக் கணக்கில் அவர்கள் கொடுத்த லேகியத்தைச் சாப்பிட்டேன். கலாவிடம் அதை உடம்புக்குத் தெம்பு தரும் மருந்து என்றேன். பேண்ட் இடுப்பில் நிற்காமல் நழுவியபோது, நடைப்பயிற்சியின் பலன் என்று பெருமை வேறு அடித்துக்கொண்டேன்.

ஒரு நாள் வேலையில் இருக்கும்போதே தலை சுற்றியது. மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தயாளன் ஓடி வந்து பிடித்தவன், என் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டான்.

"இன்னா மாமே, பேண்ட் முச்சூடும் ரத்தமா கீது?"

"மூலம்டா. கத்தாத."

அவன் தன் ஏப்ரனை அவிழ்த்து என் இடுப்பில் பின்பக்கமாகக் கட்டினான். யாருக்கும் தெரியாமல் வெளியே கூட்டிப்போய் ஸ்கூட்டரில் உட்கார வைத்துத் தொழிற்சாலை ஆஸ்பத்திரிக்கு ஓட்டினான். டாக்டர் அறை வாசலில் மட்டும் கேட்டான். "டாக்டராண்ட நீ சொல்றியா, இல்ல நான் சொல்லட்டா?" நானே சொன்னேன்.

அங்கிருந்து நகரத்தில் ஒரு பெரிய மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார்கள். முதல் சோதனை கொலோனோஸ்கோபி. கேமரா பொருத்திய மெல்லிய குழாயைப் பின்வழியாகச் செலுத்திப் பெருங்குடலை உள்ளே பார்ப்பது. அதற்கு முந்தைய நாள் குடல் சுத்தமாக வேண்டும் என்று ஒரு பொடியைத் தண்ணீரில் கரைத்துக் குடம் குடமாகக் குடிக்கச் சொல்கிறார்கள். சோதனையைவிட அதுதான் கஷ்டம். எங்கள் குவார்ட்டர்ஸில் ஒரே ஒரு கக்கூஸ். நிவேதா அன்றைக்குப் புத்தகங்களை எடுத்துக்கொண்டு தோழி வீட்டுக்குப் படிக்கப் போவதாகச் சொல்லிக் கிளம்பினாள். அவளுக்குப் பரீட்சையே இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

உள்ளே ஒரு கட்டி இருந்தது. அதில் சிறு துணுக்கைக் கிள்ளி எடுத்துப் பரிசோதிப்பதைப் பயாப்சி என்கிறார்கள். முடிவு சொன்ன டாக்டர் இளம்பெண். சுற்றி வளைக்கவில்லை. மலக்குடலில் புற்றுநோய், ஆசனவாய்க்கு மிக அருகில், வேறு இடத்துக்குப் பரவவில்லை, முதலில் கதிர் சிகிச்சை, பிறகு ஆபரேஷன் என்றார். நான் மேஜையில் இருந்த பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். கலா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"சாப்பாட்டுல நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா டாக்டர்?"

"அதெல்லாம் இல்லம்மா" என்றார் டாக்டர். பிறகு என்னைப் பார்த்து, "ரத்தம் எப்பலேர்ந்து வருது?" என்று கேட்டார். நான் சொன்னேன். கலா திரும்பி என்னைப் பார்த்தாள். மறுநாள் அலமாரியில் லேகிய டப்பா இல்லை. அதைப் பற்றி அவள் இன்றுவரை கேட்டதில்லை. கேட்டுத் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் படுக்க வைத்தபோது பயமாக இல்லை. அந்தக் குழலுக்குள் கேட்கிற சத்தம் எங்கள் டூல் ரூமில் இரும்பைச் செதுக்கும் பழைய ஷேப்பர் மெஷின் ஓடுவது போலவே இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, அடுத்த மெஷினில் தயாளன் நிற்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

கதிர் சிகிச்சை வலிக்காது. இடுப்பில் பேனாவால் அடையாளம் போட்டு, அதைக் கழுவக் கூடாது என்று சொல்லி அனுப்புகிறார்கள். தினமும் அதே நேரத்துக்குப் போக வேண்டும், சில நிமிடம் அசையாமல் படுக்க வேண்டும், வந்துவிட வேண்டும். காத்திருப்பதுதான் பெரும்பாடு. ஆனால் காலை நேரத்து ஆட்கள் எப்போதும் ஒரே ஆட்கள் என்பதால் சில நாளில் அந்தப் பெஞ்சு எங்கள் பெஞ்சாகிவிட்டது. சரோஜா அம்மா என்று ஒருவர், பூந்தமல்லியில் மளிகைக்கடை வைத்திருப்பவர். அவருக்குக் கர்ப்பப்பை வாயில் நோய். என்னைப் பார்த்ததும் சாப்பிட்டாயா என்று கேட்க மாட்டார்.

"இன்னா நைனா, நேத்து எத்தினி வாட்டி போன?"

சத்தமாகக் கேட்பார். முதல் நாள் நான் எழுந்து தூரப்போய் உட்கார்ந்துகொண்டேன். ஆனால் பெஞ்சில் எல்லோரும் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். ஒருவருக்கு எரிச்சல், ஒருவருக்கு மலம் நிற்காத தொல்லை, ஒருவருக்குச் சிறுநீரில் ரத்தம். சமையல் குறிப்பு பரிமாறிக்கொள்வது போல மாதுளைத்தோல் கஷாயம், வெந்நீர்த் தொட்டியில் உட்காருவது என்று சொல்லிக்கொண்டார்கள். நானும் மெல்ல நகர்ந்து வந்து உட்கார்ந்தேன். என் கணக்கையும் சொன்னேன். அந்த நாட்களில் நான் நன்றாகத் தூங்கினேன் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. காலையில் போக ஓர் இடம் இருந்தது. அங்கே ஒளிக்க ஒன்றும் இல்லை.

பிறகு ஆபரேஷன். கட்டி கீழே இருந்ததால் மலக்குடலோடு ஆசனவாயையும் எடுத்துத் தைத்துவிட வேண்டும். குடலின் நுனியை வயிற்றின் இடப்பக்கம் ஒரு துளை வழியாக வெளியே கொண்டுவந்து தைப்பார்கள். அதற்கு ஸ்டோமா என்று பெயர். அதன்மேல்தான் பை. எனக்கு இது ஆயுளுக்கும். இதையெல்லாம் டாக்டர் படம் வரைந்து சொன்னார். நானும் தலையாட்டினேன். படம் வேறு, நம் வயிறு வேறு.

எனக்கு மயக்கம் தெளிந்து வார்டுக்கு வந்தபின், நர்ஸ் அம்மா முதன்முதலாகத் துணியை விலக்கிக் காட்டினார். சிவப்பாக, ஈரமாக, தக்காளி போல ஒன்று என் வயிற்றில் உட்கார்ந்திருந்தது. "தொட்டுப் பாருங்க சார், வலிக்காது. இதுக்கு வலி நரம்பு கிடையாது" என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கலா தொட்டாள். பிளேட் என்கிற ஒட்டுத்தகட்டில் அளவெடுத்து வட்டமாக வெட்டுவது, தோலை வெந்நீரால் துடைத்துக் காய வைப்பது, ஓரம் சுருங்காமல் ஒட்டுவது, பையின் அடிவாயைக் கிளிப் போட்டு மூடுவது என்று எல்லாம் அவள்தான் முதலில் கற்றுக்கொண்டாள். தையல் டப்பாவில் இருந்த வளைந்த சின்னக் கத்தரிக்கோலை இதற்கென்று கொண்டுவந்தாள். ஜாக்கெட் தைக்கிற கை. என்னைவிட நேர்த்தியாக வெட்டுவாள். ஒரு நாள் அவள் துடைத்துக்கொண்டிருக்கும்போதே அது தன் வேலையைக் காட்டிவிட்டது. நிறுத்த முடியாது. அதற்குத் திறந்து மூடும் தசை கிடையாது. அவள் கையெல்லாம் ஆயிற்று. எனக்கு வந்த வெட்கம் கோபமாகத்தான் வெளியே வந்தது. "பாத்துச் செய்யத் தெரியாதா உனக்கு?" என்று கத்தினேன். பக்கத்துக் கட்டில்காரர் திரைக்கு அந்தப் பக்கம் இருமினார். கலா போய்க் கையைக் கழுவிவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து மறுபடியும் துடைத்தாள்.

பில்லில் பெரும்பகுதியைத் தொழிற்சாலை ஏற்றுக்கொண்டது. ஏற்காத பகுதிக்கு வழி எப்படிப் பிறந்தது என்பதை, கலாவின் கையில் கண்ணாடி வளையல் மட்டும் இருந்ததைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும்தான் நிஜமான நோய் தொடங்கியது. பை சத்தம் போடும். அதற்கு வேளை, பொழுது கிடையாது. சோபாவில் உட்கார்ந்திருக்கும்போது வயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தால் நிவேதா ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தைக் கூட்டுவாள். என்னைத் திரும்பிப் பார்க்க மாட்டாள். "நாத்தம் வருதா?" என்று கேட்டால் இருவரும் ஒரே குரலில் "இல்லவே இல்லை" என்பார்கள். ஜன்னல் திறந்திருக்கும், ஊதுவத்தி எரிந்துகொண்டிருக்கும், நாற்றம் இல்லவே இல்லை. நான் யாரை நம்புவது? நானே மோந்து மோந்து பார்த்தேன். சதா தன்னையே மோந்துகொண்டிருப்பவனுக்குக் கொஞ்ச நாளில் எல்லாமே நாறும். சட்டை நாறியது, தலையணை நாறியது, குடிக்கிற காபியும் நாறியது. படுத்தால் பை பிரிந்துவிடுமோ என்று இரவெல்லாம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடி தூங்கினேன். தூக்கம் என்று அதைச் சொல்ல முடியாது.

அப்போதுதான் ஒரு வழி கண்டுபிடித்தேன். சாப்பிடாமல் இருப்பது. நேரத்துக்குச் சாப்பிடுங்கள், வெறும் வயிற்றில்தான் காற்று அதிகம் சேரும் என்று நர்ஸ் அம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். காதில் ஏறவில்லை. மெஷினில் இரும்பை வைக்காவிட்டால் தூள் விழாது. ஆயுள் முழுக்க கிரைண்டிங் மெஷினில் நின்றவனுக்கு வேறெப்படித் தோன்றும்? பகலில் தட்டைத் தள்ளிவைத்தேன். தண்ணீரையும் குறைத்தேன். சத்தம் கூடியதே தவிரக் குறையவில்லை. அப்படியென்றால் இன்னும் குறைவாகச் சாப்பிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

மருத்துவ விடுப்பு முடியும் நாள் நெருங்கியது. டூல் ரூமை நினைத்தாலே வியர்த்தது. தோள் இடிக்க உட்கார்ந்திருக்கும் அந்தச் சாப்பாட்டு வட்டத்தில் என் வயிறு சத்தம் போட்டால்? பாஸ்கர் என்ன பெயர் வைப்பான்? நானே பல பெயர்களை யோசித்துப் பார்த்துவிட்டேன். விருப்ப ஓய்வுக்கு விண்ணப்பம் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். இன்னும் பல வருட சர்வீஸ் பாக்கி. மகளுக்குப் படிப்பு முடியவில்லை. கலாவிடம் சொன்னதற்கு, "உங்க இஷ்டம்" என்றாள்.

தயாளன் அடிக்கடி வருவான். அவன் குரல் படியில் கேட்டதும் நாற்காலியில் கண்ணை மூடிக்கொள்வேன். அவன் கலாவோடு பேசிக் காபி குடித்துவிட்டுப் போவான். ஒரு நாள் போகும்போது என் பக்கத்தில் வந்து நின்றான்.

"தூங்குற ஆளு காலை ஆட்டிகினு இருக்க மாட்டான் மாமே."

கண்ணைத் திறந்தேன்.

"ஏலகிரி போறோம். லீவு போட்டுட்டேன். ரூம் சொல்லியாச்சி. ரெண்டு நாளு."

"என்னால முடியாதுடா. உனக்குத் தெரியாது."

"எனக்கு இன்னா தெரியும், தெரியாதுன்னு அப்பறம் பேசிக்கலாம். நீ வரலன்னா நானும் போல. லீவு வேஸ்ட்டு."

நான் கலாவைப் பார்த்தேன், அவள் வேண்டாம் என்பாள் என்று. அவள் எனக்கு மாற்றுத் துணியும் மாற்றுப் பிளேட்டும் எடுத்துவைக்கப் போய்விட்டாள். உள்ளேயிருந்தே சொன்னாள். "போயிட்டு வாங்க. எனக்கும் ரெண்டு நாளு நிம்மதி வேணும்." அவள் அப்படிப் பேசுகிறவள் அல்ல. எனக்குச் சுருக்கென்றது. சரி, விருப்ப ஓய்வு விஷயத்தை அங்கே வைத்து அவனிடம் சொல்லிவிடலாம் என்று கிளம்பினேன். இத்தனை வருடம் பக்கத்தில் நின்றவனுக்கு நேரில் சொல்வதுதானே முறை.

கிளம்புவதற்கு முந்தைய நாளிலிருந்தே நான் எதுவும் சாப்பிடவில்லை. பூந்தமல்லியில் பஸ் ஏறினோம். வேலூரில் தயாளன் இறங்கிப் பொங்கல் சாப்பிட்டான். "நாஷ்டா துன்னு மாமே" என்று கெஞ்சினான். பசியில்லை என்றேன். வாணியம்பாடியில் மலைக்குப் போகிற பஸ் மாறினோம். கூட்டம். பஸ்ஸின் நடுப்பகுதியில் இருவருக்கும் சீட் கிடைத்தது. கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கியதும் வெறும் வயிறு காற்றை அள்ளி அள்ளிப் பையில் ஊதியது. சட்டைக்குள் அது பூரி போல உப்புவது எனக்குத் தெரிந்தது. கையால் அமுக்கினேன். அதுதான் நான் செய்த முட்டாள்தனம். பிளேட்டின் ஓரம் விட்டுக்கொண்டது. இளஞ்சூடாக ஏதோ இடுப்பில் இறங்கியது.

முன் சீட்டுப் பெண் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டாள். யாரோ ஜன்னலைத் திறந்தார்கள். கண்டக்டர் பின்னாலிருந்து குரல் கொடுத்தார். "யாருப்பா அது? இன்னாத்த மூட்டை கட்டிக் கொண்டாந்தீங்க?"

செத்துப்போக வேண்டும் என்றே நினைத்தேன். பயமோ துக்கமோ இல்லை. அத்தனை பேர் மூக்குக்கு முன்னால் நான் அங்கே இல்லாமல் போய்விட வேண்டும், அவ்வளவுதான்.

"நாங்கதான்பா" என்றான் தயாளன். "முட்டை வாங்கியாந்தோம். அழுவிப்போயி ஒடைஞ்சிடுச்சி. கண்டுக்காத, எறங்கிடறோம்."

மலைமேல் பஸ் நின்றதும் கட்டணக் கழிப்பறைக்குக் கூட்டிப் போனான். நான் உள்ளே, அவன் வாசலில். தண்ணீர் போதவில்லை என்று எங்கிருந்தோ ஒரு வாளியில் கொண்டுவந்தான். ஒரு கையால் சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்த இருட்டில் புதுப் பிளேட்டை ஒட்ட முடியவில்லை. "தொறடா" என்றான். திறந்தேன். அவன் குனிந்து பார்த்தான். நான் யாருக்கும் காட்டக் கூடாது என்றிருந்த அந்தச் சிவப்பைப் பார்த்தான். போன் டார்ச் வெளிச்சத்தைச் சரியாகப் பிடித்து, "ஓரத்துல சுருங்கிகினு கீது, இஸ்து ஒட்டு" என்றான், இரும்புத் துண்டை மெஷினில் செட் பண்ணும்போது சொல்வது போல.

வழக்கமான கேள்வியைக் கேட்டேன். "நாறுதாடா?"

"நாறுது மாமே. செமையா நாறுது. பின்ன, சந்தனமா மணக்கும்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் பதறிப்போனான். "த்தா, இன்னாத்துக்கு அழுவுற? கேட்ட, சொன்னேன்" என்றான். எனக்கே விளக்கத் தெரியவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு மனிதன் என்னிடம் உண்மை சொல்லியிருக்கிறான். நாறுகிறது என்று சொல்கிறவன்தானே, நாறவில்லை என்றாலும் சொல்வான்?

வெளியே ஒரு டீக்கடைப் பெஞ்சில் உட்கார வைத்தான். வீட்டில் நடப்பதை எல்லாம் சொன்னேன். விண்ணப்பத்தையும் எடுத்துக் காட்டினேன். படித்தான். மடித்துத் திருப்பிக் கொடுத்தான்.

"இதை அப்பறம் பாத்துக்கலாம். மொதல்ல ஒரு டீலு. நாத்தம் அடிச்சா நான் சொல்றேன். சொல்லலன்னா அடிக்கலன்னு அர்த்தம். நீ மோந்துகினு கெடக்காத. அந்த வேலை என்னுது. உன் வேலை துன்றது."

இட்லி வந்தது. சாப்பிட்டேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான், ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் இட்லி வாங்கினேன்.

அறைக்குப் போனதும் கட்டிலில் சும்மா சாய்ந்தேன். முதலில் உட்கார்ந்தபடி, பிறகு கால் நீட்டி, பிறகு முழுக்க. தயாளன் நாற்காலியில் உட்கார்ந்து போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மூக்கு அங்கே வேலை செய்துகொண்டிருக்கிறது என்ற நினைப்புதான் கடைசி நினைப்பு. விழித்தபோது மறுநாள் பொழுது விடிந்திருந்தது. பை பிரியவில்லை. தயாளன் கோபமாக இருந்தான். "ஊரு சுத்திப் பாக்கலாம்னு இஸ்துகினு வந்தா, கொறட்டை வுட்டுகினு கீறியே நைனா" என்றான். அன்று ஏரியில் படகில் போனோம். நடுவில் ஒரு முறை, "மாமே, லேசா அடிக்குது" என்றான். கரைக்கு வந்ததும் போய்ச் சுத்தம் செய்துகொண்டு வந்தேன். அப்போதும் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் பை சும்மா இருக்கும் நேரத்தில் வெட்கப்பட வேண்டியிருக்கவில்லை. நோயாளிக்கு அது பெரிய லாபம்.

வீட்டுக்கு வந்து கலாவிடமும் நிவேதாவிடமும் அதே டீலைப் போட்டேன். நிவேதா தயங்கித் தயங்கி, "அப்பா... இப்ப" என்று முதன்முதலாகச் சொன்ன அன்று அவள் கண் கலங்கியிருந்தது. நானும் அவளைப் பார்க்காமல் எழுந்து போனேன். இப்போதெல்லாம் பரீட்சைக்குப் படித்துக்கொண்டே தலை நிமிராமல் சொல்கிறாள்.

வேலைக்குத் திரும்பினேன். நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்குத் தண்ணீர். காலைச் சங்குக்கு முன்னால் வயிறு தன் வேலையைப் பெரும்பாலும் முடித்துவிடக் கற்றுக்கொண்டது. விடுமுறை நாட்களில் தயாளன் ஸ்கூட்டரில் வருவான். அயனம்பாக்கம் ஏரிக்கரையில் நடந்துவிட்டு டீ குடிப்போம். டூல் ரூமில் மதியம் அவன் என் பக்கத்தில்தான் உட்காருவான். தேவைப்பட்டால் முழங்கையால் இடிப்பான். மற்றவர்களுக்கு நோய் என்ன என்று தெரியும், பை இருப்பதும் தெரியும். ஆனால் யாரும் பேச மாட்டார்கள், நானும் பேச மாட்டேன். விண்ணப்பம் மட்டும் சட்டைப் பையிலேயே இருந்தது. சட்டை மாற்றும்போதெல்லாம் அதையும் மாற்றி வைத்துக்கொண்டேன்.

பிறகு தயாளனை இரண்டாம் ஷிப்டுக்கு மாற்றிவிட்டார்கள். மாற்றிய முதல் நாள் நான் கேரியர் கொண்டு போகவில்லை. வயிறு சரியில்லை என்று கலாவிடம் சொன்னேன். சங்கு ஊதியதும் சைக்கிள் ஷெட் பக்கம் போய் நின்றுகொண்டேன். நாளைக்கு விண்ணப்பத்தைக் கொடுத்துவிட வேண்டியதுதான் என்று நினைத்தேன். பக்கத்தில் ஒரு மூக்கு இல்லாமல் உட்கார முடியாதவன் எத்தனை நாள் வேலை பார்ப்பான்?

பாஸ்கர் தேடிக்கொண்டு வந்தான். "என்னய்யா, இங்க நின்னு சைக்கிளை எண்ணிக்கிட்டு இருக்க? எல்லாரும் கையக் கழுவிட்டு உக்காந்திருக்கோம். ஆளு குறைஞ்சா எவனும் கேரியரைத் தொறக்க மாட்டேங்கிறான்."

"நான் கொண்டு வரலை."

"உன்னதைத் திங்கவா கூப்பிட்டேன்?"

போனேன். இடம் விட்டு வைத்திருந்தார்கள். உட்கார்ந்தேன். ஒரு தோள் இந்தப் பக்கம், பாஸ்கரின் தோள் அந்தப் பக்கம். பாஸ்கர் வீட்டு உருளைக்கிழங்கு வறுவல் நடுவில். ஒரு வாய் எடுப்பதற்குள் என் வயிறு சத்தம் போட்டது. நீளமான சத்தம். அன்றைக்கென்று மெஷின் எதுவும் ஓடவில்லை. எல்லோருடைய கையும் ஒரு கணம் நின்று மறுபடியும் சோற்றுக்குப் போனது. யாரும் நிமிரவில்லை. எல்லோரும் நல்லவர்கள். யாருமே எதுவும் சொல்லப் போவதில்லை என்பது தெரிந்தது. இரண்டே வழிதான் இருந்தது. எழுந்து போய் விண்ணப்பத்தைக் கொடுக்கலாம். இல்லையென்றால் கேட்கலாம். செக்‌ஷனில் எவன் வாய்க்கு நான் அதிகம் பயந்தேனோ அவன்தான் பக்கத்தில் இருந்தான்.

"பாஸ்கர், நாத்தம் வருதா?"

என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் கேட்டேன். பாஸ்கர் மெல்லுவதை நிறுத்தினான். நிஜமாகவே மூக்கை உறிஞ்சிப் பார்த்தான்.

"வருது. லேசாத்தான்" என்றான். பிறகு, "போயிட்டு வாய்யா. வறுவல் தீந்துபோச்சுன்னா என்னைக் கேக்காத" என்றான்.

எழுந்து போனேன். சுத்தம் செய்துகொண்டு கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். திரும்பி வரும் வழியில் கால் தயங்கியது. இங்கிருந்தே அப்படியே போய்விடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. வந்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. பசியும் இருந்தது. உட்கார்ந்து சாப்பிட்டேன்.